உரிமம் கேட்பதென்றால் பால் அளப்பவரிடமிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதங்கள் பகுதியில் கண்டியிலிருந்து ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கடையில் ஊற்றி வாங்கிய பால் அடுப்பில் வைத்ததுமே திரிந்துபோனதாம். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றும் எழுதியிருந்தார். அவருக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் கடிதத்தின் கடைசியில், மலைநாட்டில் மாடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உரிமம் எடுக்க வேண்டும், உரிமம் இல்லாதவரின் பாலை ஒருவரும் வாங்கக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் பேச இருக்கிறது.

நான் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக் காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்து ஓய்வு பெற்றவள். ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்தபோது வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மகன் ஆட்டோ என்றான், மருமகள் வீட்டுக்குக் கூரை மாற்றுவோம் என்றாள். நான் மாடு வாங்கினேன். ஃப்ரீசியன் கலப்பு. இப்போது கறவையில் இரண்டு, கிடாரி ஒன்று. எங்கள் டிவிசன்களில் மாடு வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்தும் பால் சங்கத்துக்குப் பொருளாளரும் நான்தான். யார் எத்தனை லீற்றர் ஊற்றினார், எவ்வளவு வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்ற கணக்கெல்லாம் என் கொப்பியில் இருக்கிறது. ஆகவே கேள்விப்பட்டதை எழுதவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாலுக்கு உரிமமும் சோதனையும் வேண்டும். மாட்டிடமிருந்து மனிதருக்குப் புருசெல்லோசிஸ் வரும், காசநோயும் வரும். மடி வீங்கிய மாட்டுக்கு ஊசி போட்டால், மிருக வைத்தியர் சொல்லும் நாள் கழியும்வரை அந்தப் பாலை ஊற்றக் கூடாது. அதை நல்ல பாலோடு கலந்துவிடுபவர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், மறைத்து என்ன பயன்? பட்டியைக் கழுவிய சாணித் தண்ணீரைக் கானில் விட்டு, அது கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் குடிக்கும் தண்ணீர்ப் பீலிக்கு இறங்குகிற இடங்களும் உண்டு. சோதனைக்கு நான் பயந்தவளும் இல்லை. பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். போத்தல் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார், துடைக்கும் துணியை விரித்துப் பார்ப்பார், தண்ணீர் கொதித்ததா என்று கேட்பார். சொல்லிவிட்டு வந்திருந்தால் அந்தத் துணி அவ்வளவு வெள்ளையாக இருந்திருக்குமா என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

சட்டமே இல்லாத நாடும் இல்லை இது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. கெட்டுப்போன உணவையும் கலப்படத்தையும் அதன் கீழ்தான் பிடிக்கிறார்கள். மாட்டு நோய்களுக்கு 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அளவில் பெரிய பண்ணை என்றால் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். கடை போட்டு விற்பவர் பிரதேச சபைக்குப் போகவேண்டும். ஒரு மாட்டை லொறியில் ஏற்றி வேறிடத்துக்கு அனுப்புவதென்றால் மிருக வைத்தியரின் சுகாதாரச் சான்றிதழும் அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் மறித்துவிடும். நல்லது, மாட்டுத் திருடர்களுக்கும் அது ஒரு கடிவாளம். ஆனால் அதே மாட்டின் பாலை ஏற்றிக்கொண்டு தினமும் மலை இறங்கும் வண்டியை மறித்து, "நீ யார், இந்தப் பாலை எத்தனை மணிக்கு எடுத்தாய், கேனை எப்போது கழுவினாய்" என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

மாடு வைத்திருப்பவரிடம் மட்டும் உரிமம் கேட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயருக்கும் அடையாள அட்டை இலக்கத்துக்கும் அடுத்த கேள்வி காணி யாருடையது என்பதுதான். எங்கள் பட்டிகள் நிற்பது தோட்டத்துக் காணியில். லயத்துக்குப் பின்னால், தேயிலை போடாமல் விட்ட ஒரு சரிவில், நாலு கம்பும் பழைய தகரமும் வைத்துக் கட்டியவை. கட்டுவதற்குத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், வாயால் சொன்ன சம்மதம் இருக்கும். எழுத்தில் இருக்காது. மாட்டுக் கடனுக்கு நான் ஒரு வங்கிக்குப் போனபோது காணி உறுதி கேட்டார்கள். இல்லை என்றதும் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் கேட்டார்கள். கடிதம் வாங்கப் போனால் அதற்கு மேலே கம்பனியில் கேட்க வேண்டும் என்றார்கள். அப்புறம் அந்தத் துரை மாற்றலாகிப் போய்விட்டார். புதியவரிடம் முதலிலிருந்து கதையைத் தொடங்க வேண்டியிருந்தது. கடைசியில் கடனே வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

தனி வீடு கிடைத்தவர்களின் கதையும் பெரிய வித்தியாசமில்லை. ஏழு பேர்ச்சில் வீடு, மலசலகூடம், ஒரு பாத்தி கீரை. அதற்குள் சுகாதார விதிப்படி வீட்டிலிருந்து தள்ளிப் பட்டி எங்கே கட்டுவது? தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்யலாம் என்று சட்டத்தைத் திருத்தியதே 2018 இல்தான். எங்கள் அக்கரப்பத்தனைக்குத் தனிப் பிரதேச சபை கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். இருநூறு வருடமாக இந்த மண்ணில் இருப்பவர்களுக்கு ஒரு படிவத்தை நிரப்புவது ஏன் இவ்வளவு பாடு என்று கண்டியில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சரி, நாளைக்கே உரிமம் கட்டாயம் என்று அறிவிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உரிமம் இல்லை என்பதற்காக மாடு கறவையை நிறுத்திவிடாது. காலையில் கறந்தாக வேண்டும், இல்லையென்றால் மடி கட்டிக்கொள்ளும். அந்தப் பால் எங்கே போகும்? இப்போது எங்கள் பாலை வாங்கும் நிறுவனம் வாங்காவிட்டால் இடையில் ஒருவர் முளைப்பார். உரிமம் இல்லாத பால் என்று சொல்லி விலையைக் குறைப்பார். நாலு லயத்துப் பாலை ஒரு பீப்பாயில் கலந்து டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் கொண்டுபோவார். இப்போதாவது சங்கத்தில் யார் பால் எது என்று கொப்பியில் பார்க்கலாம். அப்போது அதுவும் இருக்காது. கண்டி வாசகர் எதைத் தடுக்க நினைக்கிறாரோ அதுதான் பெருகும்.

ஆகவே உரிமத்தை எங்கேயிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. என் கணக்கில் அது பால் அளப்பவரிடமிருந்தும் பால் ஏற்றுபவரிடமிருந்தும் தொடங்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், ஆசிரியர் பொறுக்க வேண்டும்.

எங்கள் சேகரிப்பு இடம் வீதி முடக்கில் இருக்கும் ஒரு தகரக் கொட்டில். விடிந்தும் விடியாததுமாகப் பெண்கள் வாளியோடு வந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களில் பாதிப் பேர் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள். நிறுவனத்துக்காகப் பால் எடுக்கும் தம்பி லக்டோமீட்டரை, அதுதான் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியை, வாளியில் மிதக்க விடுவார். அது எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை எழுதுவார். அப்புறம் ஒரு சிறு போத்தலில் கொஞ்சம் பால், கொழுப்புச் சோதனைக்கு. இந்த இரண்டையும் வைத்துத்தான் கொழுப்பும், தண்ணீரும் கொழுப்பும் போக மிஞ்சும் கொழுப்பற்ற திண்மமும் கணக்குப் பார்த்து லீற்றருக்கு விலை போடுகிறார்கள். மாதக் கடைசியில் ஒரு வீட்டின் கடைக் கடன் அடைபடுமா இல்லையா என்பது அந்தக் கண்ணாடிக் குழாய் எந்தக் கோட்டில் நின்றது என்பதில் இருக்கிறது.

என் அண்ணன் மகள் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது நான் அவளிடம், "கறந்த கையோடு கொண்டுபோகிறவர்களின் பாலுக்குத்தான் மானி இறங்குகிறது, அரை மணித்தியாலம் பிந்தி வருகிறவர்களுக்கு நன்றாக நிற்கிறது, இது என்ன மாயம்?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அத்தை, ஒரு செம்புப் பாலும் உங்கள் மானியும் கொண்டு வாங்க" என்றாள். அப்போதுதான் கறந்த பால். மானியை விட்டாள், 27 க்குக் கொஞ்சம் கீழே நின்றது. அந்தச் செம்பை அப்படியே தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி வைத்தோம். எங்கள் ஊர்த் தண்ணீரின் குளிர் தெரியும்தானே, வெகுநேரம் ஆகவில்லை. நுரை அடங்கி ஆறிய பிறகு திரும்ப விட்டாள். 29. பால் அதே பால். ஒரு சொட்டுத் தண்ணீர் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

விஷயம் இதுதான். பால்மானி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்காகச் செய்யப்படுவது. என்னிடம் இருப்பது 20 பாகை செல்சியஸுக்கானது, அதன் தண்டிலேயே எழுதியிருக்கிறது. பால் அதைவிடச் சூடாக இருந்தால் ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.2 குறைத்துக் காட்டும். மாட்டு மடியிலிருந்து வரும் பால் உடம்புச் சூட்டில் இருக்கும். கொட்டிலுக்கு வரும்போது 32 பாகை என்று வைத்தால் இரண்டு புள்ளிக்கு மேல் குறைவு. அது கொழுப்பற்ற திண்மத்தில் அரைச் சதவீதத்துக்கும் மேலே வெட்டு. கறந்த உடன் பாலில் நுரையும் காற்றும் இருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். வெப்பமானியை வைத்துப் பார்த்து அந்த வித்தியாசத்தைக் கூட்டி எழுத வேண்டும் என்பது பால் துறையில் அரிச்சுவடி. எங்கள் கொட்டிலில் வெப்பமானியே இருந்ததில்லை. "அக்கா, தண்ணீர் கலந்திருக்கு" என்று தம்பி சொல்லுவார். அந்தப் பெண் பத்துப் பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். சுத்தமான பாலைச் சூடாகக் கொண்டு வந்தது அவள் செய்த குற்றம்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. உண்மையிலேயே தண்ணீர் கலந்தவர் சீனியோ உப்போ கொஞ்சம் போட்டால் மானி எழுந்து நிற்கும். மானி மட்டும் கையில் இருக்கும் சோதனையில் கள்ளன் தப்புவான், நேர்மையாக வந்தவள் மாட்டுவாள்.

கொழுப்பு மாதிரியிலும் இதே மாதிரிக் குழப்பம். எங்கள் குளிருக்கு மாலையில் கறந்து வைத்த பாலில் இரவோடிரவாக ஆடை மேலே வந்து தடித்துவிடும். காலையில் அதை நன்றாகக் கலக்காமல் அளவு வாளிக்குச் சரித்தால் கொழுத்த மேல்பால் முதலில் போய்விடும், அடியில் மிஞ்சுவது மெலிந்த பால். அந்த மிச்சத்தில் மாதிரிப் போத்தலை நிரப்பினால் கொழுப்பு எப்படி வரும்? அகப்பையால் மேலிருந்து கீழாகப் பத்துத் தரம் கிண்டிவிட்டு எடுக்க வேண்டும். யாரும் கிண்டுவதில்லை. அவசரம், வண்டி காத்திருக்கிறது.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை, பக்கத்துத் தோட்டத்துப் பையன், லீற்றருக்கு இவ்வளவு என்று கமிஷனுக்கு ஓடுகிறார். அவருக்கு இதை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எந்த விதியும் அவருடைய முதலாளியைக் கட்டாயப்படுத்துவதாகத் தெரியவில்லை. அப்படி ஒரு விதியைத்தான் நான் உரிமம் என்கிறேன்.

அண்ணன் மகள் படித்துச் சொன்ன இன்னொரு விஷயம் என்னை அசத்திவிட்டது. அமெரிக்காவில் பால் பண்ணைக்கும் உரிமம் உண்டு, தொழிற்சாலைக்கும் உண்டு. அதோடு பண்ணைக்குப் போய் பால் ஏற்றுகிற ஆளுக்கும் தனியாக உரிமம் உண்டு. விஸ்கொன்சின் என்ற மாநிலத்தில் அந்த உரிமத்தின் பெயரே "பால் நிறுப்பவர், மாதிரி எடுப்பவர்" என்றுதான் இருக்கிறதாம். அந்தச் சாரதி பண்ணைக்குள் போனதும் கை கழுவ வேண்டும். தொட்டி மூடியைத் திறந்து முதலில் மோந்து பார்க்க வேண்டும், பிறகு கண்ணால் பார்க்க வேண்டும், வெப்பநிலையை எழுத வேண்டும். அசையாமல் நிற்கும் பாலில் அளவுகோலை இறக்கி அளக்க வேண்டும். அதற்குப் பிறகு குறைந்தது ஐந்து நிமிடமாவது கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்கலாம். மாதிரிப் போத்தலை ஐஸில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பால் சரியில்லை என்று பட்டால் அவரே மறுக்கலாம். இதையெல்லாம் பழகித் தேறிய பிறகுதான் உரிமம், அதன் பின்னும் இரண்டு வருடத்துக்குள் ஒரு தடவையாவது அதிகாரி பக்கத்தில் நின்று அவர் செய்வதைப் பார்ப்பார்.

ஒரு சாரதிக்கு ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். ஒவ்வொரு தாங்கி லொறியையும் தொழிற்சாலையில் இறக்குவதற்கு முன்னால் பெனிசிலின் வகை மருந்து கலந்திருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். கலந்திருந்தால் லொறிப் பால் முழுவதும் வீண். எந்தப் பண்ணையால் வந்தது என்று கண்டுபிடிக்க இருக்கும் ஒரே சாட்சி அந்தச் சாரதி பண்ணை பண்ணையாக எடுத்து வைத்த போத்தல்கள். அவர் ஒழுங்காக எடுக்காவிட்டால் குற்றம் செய்யாத பண்ணைக்காரர் தலையில் விடியும். எங்கள் ஊரில் அப்படிப் பழுதானால் கேனுக்குப் பால் ஊற்றிய எல்லோருக்கும் வெட்டு விழும். எது சுலபமோ அது.

அங்கேயும் ஒரே நாளில் இது வந்துவிடவில்லை. அவர்களுடைய பொதுச் சுகாதார சேவை, மாநிலங்கள் எடுத்துப் பின்பற்றக்கூடிய பொதுவான பால் சட்டம் ஒன்றை எழுதியது 1924 இல். 1938 இல் கூட அந்த நாட்டில் உணவாலும் தண்ணீராலும் பரவிய நோய்த் தொற்றுகளில் நான்கில் ஒன்று பாலால் வந்ததாம். இப்போது அது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நூறு வருடம் திருத்தித் திருத்தி எழுதிய சட்டம். அந்த ஊர்ப் பண்ணைகளை எங்கள் தகரப் பட்டியோடு ஒப்பிட நான் வரவில்லை. பால் கறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் 7 பாகைக்கு இறங்க வேண்டும் என்பது அவர்களின் விதி. எங்கள் லயத்தில் அதற்கு இயந்திரமும் இல்லை, இயந்திரத்துக்குக் கரண்டும் போதாது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு நாள் மாதிரி மோசமாக இருந்தது என்பதற்காக ஒரு பண்ணையின் உரிமத்தைப் பறிப்பதில்லை. ஆறு மாதத்தில் குறைந்தது நான்கு மாதிரி எடுக்க வேண்டும். கடைசி நான்கில் இரண்டு எல்லையைத் தாண்டினால் எழுத்தில் எச்சரிக்கை. கடைசி ஐந்தில் மூன்று தாண்டினால்தான் உரிமத்தை நிறுத்துகிறார்கள். இங்கே? ஒரு காலையில் ஒரு கோடு இறங்கினால் அன்றைய பால் "தரமில்லை". எதை வைத்து, யார் பார்த்து, மறு மாதிரி எங்கே என்று கேட்க வழியில்லை. கேட்டால் "விருப்பமென்றால் ஊற்று, இல்லாவிட்டால் கொண்டு போ" என்ற பதில். வேறு யார் வந்து வாங்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

தூரத்தில் இருப்பதை மட்டும் சொல்வானேன். பக்கத்தில் இந்தியாவில் 2011 இல் கொண்டுவந்த உணவு உரிம ஒழுங்குவிதிகளில் ஒரு வரி இருக்கிறது. பதிவு பெற்ற பால் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்து, தன் பால் முழுவதையும் அந்தச் சங்கத்துக்கே ஊற்றுகிறவர் தனியாகப் பதிவு எடுக்க வேண்டியதில்லை. பொறுப்பு சங்கத்தின் மீது. பாலைக் குளிரூட்டுகிற, பதப்படுத்துகிற இடங்களுக்கு அளவுப்படி விதி: நாளொன்றுக்கு 500 லீற்றர் வரை பதிவு போதும், அதற்கு மேல் 50,000 லீற்றர் வரை மாநில உரிமம், அதற்கும் மேலே போனால் மத்திய உரிமம். இரண்டு மாடு வைத்திருக்கும் பெண்ணிடம் ஒன்றும், பெரிய நிலையத்திடம் வேறொன்றும் கேட்கிறார்கள். இது எங்களுக்குப் பொருந்தும் சட்டை. சங்கத்துக்கு ஓர் உரிமம் கொடுங்கள், கொட்டிலைச் சோதியுங்கள், கொப்பியைப் பாருங்கள், உறுப்பினர் பட்டிகளைச் சுற்றிப் பாருங்கள், சாணிக் குழி இல்லாதவருக்கு மூன்று மாதத் தவணை கொடுங்கள். காணி உறுதியைக் கேட்காதீர்கள். மாடு எந்தக் காணியில் நிற்கிறது என்பதற்கும் அதன் மடி கழுவப்பட்டதா என்பதற்கும் என்ன சம்பந்தம்? மாட்டின் காதில் இலக்கத் தகடு இருக்கிறது, அந்த இலக்கமும் சங்க உறுப்பினர் இலக்கமும் போதும்.

அடுத்தது வண்டி. பால் கேன்களோடு மரக்கறி மூட்டையும் சில நாள் உரப் பையும் ஒரே தட்டில் வருவதைப் பார்த்திருக்கிறேன். வெயில் நாளில் மேலே ஒரு படங்குகூட இல்லை. பழைய பிளாஸ்டிக் பீப்பாயில் ஊற்றச் சொன்ன ஒருவரை எங்கள் பெண்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதன் உள்பக்கம் கீறல் விழுந்து, எவ்வளவு கழுவினாலும் புளித்த வாடை போகாது. அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத உருக்குக் கேன், மூடி இறுக்கமாக, தினமும் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் கவிழ்த்தது. இதைத் தவிர வேறெதிலும் ஏற்றக் கூடாது என்று வண்டியின் உரிமத்தில் எழுதினால் போதும். வாங்குவதற்குப் பெரிய செலவில்லை.

நேரம் அதைவிட முக்கியம். கறந்த பாலுக்குத் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் சக்தி கொஞ்ச நேரத்துக்குத்தான். காலையில் ஊற்றிய பால் பத்து மணிக்குள் குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்விட்டால் கவலை இல்லை. ஒரு மழைக் காலத்தில் வண்டி பழுது என்று மதியம் தாண்டி வந்தது. அன்று ஸ்பிரிட் சோதனையில், அதாவது பாலையும் அற்ககோலையும் சம அளவில் கலந்து பார்ப்பதில், கேன் கேனாகத் திரிந்தது. வண்டி பிந்தியது நிறுவனத்தின் பிரச்சினை. ஆனால் வெட்டு விழுந்தது எங்கள் கொப்பியில். 2022 இல் டீசல் இல்லாத மாதங்களிலும் இப்படித்தான். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண் சரிந்து வீதிகள் மூடிக் கிடந்தபோது யாரையும் குறை சொல்ல முடியாது, அது வேறு. உறவுகளை இழந்தவர்களுக்கு முன்னால் பாலைப் பற்றிப் பேச எங்களுக்கே வெட்கமாக இருந்தது. நான் சொல்வது சாதாரண நாட்களைப் பற்றி. எத்தனை மணிக்கு ஏற்றியது, எத்தனை மணிக்கு இறக்கியது என்று ஒரு துண்டில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்தால், பால் யார் கையில் கெட்டது என்று தெரிந்துவிடும். கண்டிக் கடையில் திரிந்த பாலுக்கும் அப்படி ஒரு துண்டு இருந்திருந்தால் மாட்டுக்காரி மீது பழி போட்டிருக்க வேண்டியதில்லை.

துண்டு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்களுக்கு வரும் பட்டியல் துண்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. கொழுப்புக்கு இரண்டு எழுத்து, திண்மத்துக்கு மூன்று எழுத்து, பிறகு ஒரு தொகை. எங்கள் சங்கத்தில் பலருக்குத் தமிழ் வாசிக்கவே கஷ்டம், இதில் ஆங்கிலச் சுருக்கம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான் அம்மாவுக்கு வாசித்துச் சொல்கிறது. நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கும் போது, பால் தருபவருக்குப் புரியும் மொழியில் துண்டு கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் யாருடைய பணமும் கரையப் போவதில்லை.

நாட்டின் பால் தேவையில் பாதிகூட இங்கே கறக்கப்படுவதில்லை, மிச்சத்துக்குப் பால்மா கப்பலில் வருகிறது. 2021 கடைசியிலும் 2022 இலும் பால்மா பக்கெட்டுக்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த நேரம் உள்ளூர்ப் பாலை ஊக்குவிப்போம் என்று மேடை மேடையாகப் பேசினார்கள். அம்பேவெல பண்ணைப் படத்தைத்தான் அதற்கும் போட்டார்கள், பச்சைப் புல்லும் கொழுத்த மாடுகளும். அழகான பண்ணைதான், எங்களுக்கு அயல்தான். ஆனால் தேயிலைச் சரிவில் சிறுத்தைப் பயத்தோடு புல் அறுத்து, புண்ணாக்கு விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் கோ-3 புல்லை வேலியோரத்தில் நட்டு, காலையும் மாலையும் கறந்து ஊற்றுகிற பெண்களின் படத்தை யாரும் போடவில்லை. உரிம விதி எழுதுபவர்கள் எந்தப் படத்தை மனதில் வைத்து எழுதுகிறார்கள் என்பதில்தான் எங்கள் பயம்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு வெப்பமானி வாங்கி வைத்திருக்கிறோம். எந்தப் பாகைக்கு மானி வாசிப்போடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்ற அட்டவணையை அண்ணன் மகள் தமிழில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள், அதைக் கொட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பால் எடுக்கும் தம்பி முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு தானே கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார். நிறுவனம் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை, திருத்திய வாசிப்பை எழுதினால் நிலையத்தில் அடித்துவிட்டுப் பழையதைப் போடுகிறார்கள். நாங்களும் விடாமல் இரண்டு வாசிப்பையும் எங்கள் கொப்பியில் எழுதி வருகிறோம். கால்நடை அலுவலக அதிகாரி யாராவது கேட்டால் காட்டுவதற்கு இருக்கும். வேறு தோட்டத்துச் சங்கங்களுக்கு அந்த அட்டவணை தேவையென்றால் முத்திரை ஒட்டிய உறையோடு எழுதட்டும், பிரதி எடுத்து அனுப்புகிறேன். 20 பாகை மானிக்கானது என்பதைப் பார்த்துக்கொள்ளவும். வேறு மானி என்றால் கணக்கு மாறும். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பால் சங்கப் பொருளாளர் ஒருவர்,
அக்கரப்பத்தனை.